கம்ப்யூட்டர் ஹேங் ஆன நேரத்தில் அவசரப்பட்டுச் செய்யும் தவறுகள்

போன வைகாசி முகூர்த்த நேரம். மதுரை சிம்மக்கல் பக்கம் எங்கள் டிடிபி கடையில், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகைக்கு கடைசிப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமன்கள் பெயரை மேலே ஏற்றி, விட்டுப்போன இனிஷியல்களைச் சேர்த்து, முக்கால் மணி நேர வேலை. பிரிண்ட் கொடுக்கப் போனதும் திரை வெளிறி, மேலே 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்துவிட்டது. "தம்பி, ஆஃப் பண்ணிப் போடுங்க, சரியாயிரும்" என்றார் அவர். என் விரலும் பவர் பட்டனுக்குப் போய்விட்டது.

நல்லவேளை, அழுத்தவில்லை. பிரிண்டர் இணைத்திருந்த பக்கத்து சிஸ்டத்தை யாரோ அணைத்திருந்தார்கள். எங்கள் புரோகிராம் அதன் பதிலுக்காகக் காத்திருந்தது, அவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் தானாகவே விழித்துக்கொண்டது.

அந்த 'நாட் ரெஸ்பாண்டிங்' என்பதைத்தான் பெரும்பாலானவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். புரோகிராம் செத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை. நாம் தட்டும் கீயும் கிளிக்கும் ஒரு வரிசையில் போய் நிற்கின்றன. ஐந்து நொடிக்குப் புரோகிராம் அந்த வரிசையைத் திரும்பிப் பார்க்காவிட்டால், விண்டோஸ் அதன் ஜன்னலுக்கு மேல் வெளிறிய ஒரு நகலை வைத்து இப்படி எழுதிவிடுகிறது. ரேஷன் கடைக்காரர் மூட்டை எடுக்க உள்ளே போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் ஆள் இல்லை, ஆனால் கடை மூடவில்லை.

அதனால் முதல் தவறு, கண்ட இடத்தில் கிளிக் செய்துகொண்டே இருப்பது. திரை வெளிறுவதற்கு முன்னால் அடித்த கிளிக்குகள் வரிசையில் காத்திருக்கும். புரோகிராம் விழித்ததும் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் விழும். எதன்மேல் விழும் என்று சொல்ல முடியாது. ஐகானை மறுபடி மறுபடி டபுள் கிளிக் செய்வதும் அப்படித்தான். ஏற்கெனவே திணறும் மெஷினில் அதே புரோகிராம் இரண்டு மூன்று தடவை திறந்து, இருக்கிற மெமரியையும் தின்றுவிடும்.

அடுத்தது, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்த கையோடு 'எண்ட் டாஸ்க்' கொடுத்துப் புரோகிராமைக் கட்டாயமாக மூடுவது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் நேராகத் திறக்கும். சரி, திறந்ததும் கையைக் கட்டிக்கொண்டு அரை நிமிடம் பாருங்கள். அந்தப் புரோகிராமுக்கு நேராக சிபியு, டிஸ்க் இரண்டில் எதிலாவது எண்கள் மாறிக்கொண்டே இருக்கின்றனவா? அப்படியானால் பெரும்பாலும் அது வேலை செய்கிறது, விடுங்கள். எக்செல்லில் ஒரு ஷீட்டுக்கு 10,48,576 வரிசைகள். கணக்கு ஃபைலில் ஒரு நெடுவரிசை முழுவதற்கும் ஃபார்முலா இழுத்துவிட்டிருந்தால் கணக்குப் போட்டு முடிக்க நேரம் ஆகத்தான் செய்யும். போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

எண்கள் பூஜ்யத்திலேயே நிற்கின்றன என்றால் பெரும்பாலும் அது எதற்கோ காத்திருக்கிறது. எங்கள் அனுபவத்தில் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: அணைந்த பிரிண்டர், அறுந்த நெட்வொர்க், பிடுங்கிய பென்டிரைவ். டாஸ்க் மேனேஜரின் 'டீடெய்ல்ஸ்' பக்கத்தில் புரோகிராமின்மேல் ரைட் கிளிக் செய்தால் 'அனலைஸ் வெயிட் செயின்' என்று ஒன்று இருக்கும். எதற்காகக் காத்திருக்கிறது என்பதைப் பல சமயம் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். இது பலருக்குத் தெரியாமலே இருப்பதில் எனக்கு வருத்தம்.

எல்லாம் பார்த்தும் அசையவில்லை என்றால் 'எண்ட் டாஸ்க்' கொடுக்கத்தான் வேண்டும். அப்போதும் ஒன்று: திறந்திருக்கும் எக்செல் ஃபைல்கள் பெரும்பாலும் ஒரே புரோகிராமுக்குள்தான் ஓடுகின்றன. ஒன்றை முடித்தால் மற்றவையும் சேர்ந்து போகும். பெயர் தெரியாதவற்றை முடித்துப் பார்க்கவே கூடாது. விண்டோஸுக்கு உயிர்நாடியான ஒன்றை நிறுத்தினால் மெஷினே நின்றுபோய் நீலத் திரைதான் வரும். டாஸ்க்பார் மட்டும் உறைந்திருந்தால் டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். வேர்டிலும் எக்செல்லிலும் திறந்திருக்கும் வேலை போகாது.

பவர் பட்டனைப் பிடித்து அழுத்துவது கடைசி வழி. அதற்கு முன் கேப்ஸ் லாக் கீயைத் தட்டிப் பாருங்கள். விளக்கு எரிந்து அணைந்தால் மெஷினுக்கு உள்ளே உயிர் இருக்கிறது. படம் மட்டும் உறைந்திருந்தால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும், திரை ஒரு கணம் இருண்டு திரும்பி வரும். விளக்கும் அசையவில்லை என்றால் வேறு வழி இல்லை, பட்டனை அழுத்திப் பிடிக்கலாம். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்டைப் பறித்தால் அந்த ஃபைலே பழுதாகிவிடலாம். அதனால்தான் இதைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன்.

மறுபடி திறந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. வேர்டோ எக்செல்லோ இடது பக்கம் மீட்ட ஃபைல்களைக் காட்டும். அவசரத்தில் அதை மூடிவிடுகிறோம். முதலில் ஒவ்வொன்றையும் திறந்து, வேறு பெயரில் சேமித்துவிட்டு, அப்புறம் மூடுங்கள். இப்படி மீட்பதற்காகத் தானாக நகல் எடுத்துவைக்கும் ஆட்டோ ரெகவர் வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒரு முறைதான் எழுதும். ஆப்ஷன்ஸில் 'சேவ்' பக்கம் போய் நான் அதை 2 நிமிடமாக்கி வைத்திருக்கிறேன்.

பென்டிரைவிலிருந்தே ஃபைலைத் திறந்து வேலை பார்ப்பதை எங்கள் கடையில் அடியோடு நிறுத்திவிட்டோம். வந்தவர்கள் வேலை முடிந்தது என்று நினைத்து அதைப் பிடுங்கிவிடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இப்போது யார் வந்தாலும் அவர் பெயரில் டி டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டு, காப்பி செய்து, பென்டிரைவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறோம்.