மடிநோய்ப் பாலில் எம்ஆர்எஸ்ஏ இருக்கிறதா? செஃபாக்ஸிடின் டிஸ்க் சோதனை, படிப்படியாக

காம்பு வழியாக மருந்து ட்யூப் மேல் ட்யூப் ஏற்றியும் மடிநோய் அடங்கவில்லை என்றால், "கிருமிக்கு மருந்து பழகிவிட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் பதுங்கிக்கொள்ளும் கிருமி. மருந்துக்கு அடங்கும் வகைகூடத் தப்பிப் பிழைக்கும். அதனால் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். மெத்திசிலின் என்ற பெனிசிலின் இன மருந்துக்கு அடங்காத ஆரியஸ் வகையான எம்ஆர்எஸ்ஏவை அடிப்படை வசதியுள்ள ஆய்வகத்திலேயே கண்டுபிடிக்கலாம்: செஃபாக்ஸிடின் மருந்து ஏற்றிய சிறு காகித வட்டத்தை (டிஸ்க்) கிருமி பூசிய தட்டில் வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வளையத்தை அளக்க வேண்டும்.

1. பால் எடுப்பது

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் தொழுவத்தில்தான். மருந்து தொடங்கும் முன்பே மாதிரி எடுங்கள். கையுறை போட்டு, மடியைத் துடைத்து உலர்த்தி, காம்பு நுனியை 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் அழுக்கு வருவது நிற்கும் வரை தேய்க்கவும். எட்ட இருக்கும் காம்புகளை முதலில் துடைக்க வேண்டும். பால் எடுக்கும்போது கிட்ட இருப்பதில் தொடங்க வேண்டும். அப்போதுதான் துடைத்த காம்பில் கை உரசாது. முதல் மூன்று நான்கு பீச்சு வேண்டாம். கிருமி நீக்கிய குழாயைச் சாய்த்துப் பிடித்து 3 முதல் 5 மி.லி. எடுத்து, பனிக்கட்டிப் பெட்டியில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் தட்டில் ஏற்ற வேண்டும்.

2. வளர்ப்பது, அடையாளம் காண்பது

10 மைக்ரோலிட்டர் லூப்பால் 5 சதவீத ஆட்டு ரத்த அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில்) கீறி, 37 டிகிரியில் வையுங்கள். 24, 48 மணி நேரத்தில் பார்க்கவும். மூன்றோ அதற்கு மேலோ வகைக் கிருமி முளைத்திருந்தால் மாதிரி அசுத்தம், புதிதாக எடுங்கள். ஆரியஸ் வெண்மையாகவோ பொன்னிறமாகவோ வளரும். பல வகைகளில் சுற்றிலும் இரட்டை வளையமாக ரத்தம் சிதைந்திருக்கும். இந்தக் கிருமி பாலில் விட்டுவிட்டுத்தான் வரும். ஒருமுறை முளைக்கவில்லை என்பதற்காக இல்லை என்று எழுதாதீர்கள்.

ஹைட்ரஜன் பெராக்சைடில் நுரைக்கிறதா என்று பார்க்கும் கேட்டலேஸ் சோதனைக்குக் காலனியின் (கிருமி திரண்ட புள்ளியின்) உச்சியை மட்டும் தொட்டெடுங்கள். ரத்தம் ஒட்டிக்கொண்டால் அதுவே நுரைக்கும். பிறகு 0.5 மி.லி. முயல் பிளாஸ்மாவில் கோயாகுலேஸ் சோதனை: ஆரியஸ் பிளாஸ்மாவை உறைய வைக்கும். 4 மணி நேரத்தில் கட்டாயம் பாருங்கள். சில வகைகள் உறைந்த கட்டியைத் தாங்களே கரைத்துவிடும், மறுநாள் பார்த்தால் இல்லாததுபோல் தெரியும். சூடோஇன்டர்மீடியஸ் என்ற உறவுக்கார இனமும் பிளாஸ்மாவை உறைய வைக்கும். கீழே சொல்லும் 21 மி.மீ. கணக்கு அதற்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் இனத்தை உறுதி செய்துவிட்டு மேலே போங்கள்.

3. டிஸ்க் வைப்பது

முல்லர் ஹின்டன் அகார் 4 மி.மீ. உயரம் இருக்க வேண்டும், 90 மி.மீ. தட்டுக்குச் சுமார் 25 மி.லி. அகார் தடித்தால் வளையம் சுருங்கும், மெலிந்தால் விரியும்.

18 முதல் 24 மணி நேரம் வளர்ந்த காலனிகளைச் சலைனில் (உப்பு நீரில்) கலந்து, 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற நிலையான கலங்கல் அளவுக்குக் கொண்டுவாருங்கள். கறுப்புக் கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்து, அளவுக்குழாயோடு பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். கரைசல் நீர்த்துப்போனால் வளையம் பெரிதாகி, எம்ஆர்எஸ்ஏவே சாதாரணக் கிருமிபோல் காட்டும். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியை நனைத்து, குழாய்ச் சுவரில் பிழிந்து, தட்டை 60 டிகிரி திருப்பித் திருப்பி மூன்று திசையில் பூசுங்கள்.

30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் டிஸ்க் குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிராகத் திறந்தால் ஈரம் கோத்து மருந்தின் வீரியம் போய்விடும். டிஸ்கை அழுத்தி வைத்தபின் நகர்த்தக் கூடாது. தட்டைக் கவிழ்த்து 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். அதற்கு மேல் சூடு போனால் எம்ஆர்எஸ்ஏ சோதனையில் சிக்காமல் தப்பிவிடும். 37 டிகிரியிலேயே ஓடும் இன்குபேட்டரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

4. அளப்பது

வளையத்தின் விட்டத்தைத் தட்டின் அடிப்பக்கமாக அளவுகோலால் அளங்கள். 21 மி.மீ. அல்லது குறைவு என்றால் எம்ஆர்எஸ்ஏ. 22 அல்லது அதற்கு மேல் என்றால் இல்லை. கூடவே, சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் ஏடிசிசி 25923 என்ற நிலையான ஆரியஸ் கிருமிக்கும் ஒரு தட்டு வையுங்கள். அது 23 முதல் 29 மி.மீ.க்குள் வராவிட்டால் அன்றைய முடிவு எதையும் வெளியே கொடுக்கக் கூடாது.

ஆக்சாசிலின் டிஸ்கை விட செஃபாக்ஸிடின் நம்பகமானது. மெத்திசிலினுக்கு அடங்காமல் செய்யும் மெக்ஏ மரபணுவோடு, 2011இல் மாட்டுப்பால் கிருமியில் விவரிக்கப்பட்ட மெக்சி மரபணுவையும் பெரும்பாலும் பிடித்துக் காட்டும். வான்கோமைசின் டிஸ்க் வைத்து ஸ்டஃபைலோகாக்கஸுக்கு முடிவு சொல்லாதீர்கள்; அதற்குத் தனியாக எம்ஐசி (கிருமியை வளரவிடாமல் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) பார்க்க வேண்டும்.

5. முடிவு எழுதுவது

எம்ஆர்எஸ்ஏ என்று வந்தால், பெனிசிலின், அமாக்ஸிசிலின், கிளாக்ஸாசிலின், செஃப்டியோஃபர் எல்லாவற்றுக்கும் "அடங்காது" என்றே எழுதுங்கள், தட்டில் வளையம் பெரிதாகத் தெரிந்தாலும். மாற்று மருந்தா, மாட்டைக் கழிப்பதா என்பதைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். அதுவரை அந்த மாட்டைக் கடைசியில் கறக்கச் சொல்லுங்கள்; கறப்பவர் கையுறை போட்டு, கறந்ததும் சோப்பால் கை கழுவ வேண்டும், ஏனென்றால் இந்தக் கிருமி ஆளுக்கும் தொற்றும். சோதித்த தட்டுகளை 121 டிகிரியில் 30 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள்.