கரும்புச் சக்கையில் காயத்துக்கான படலம்

காயத்தை மூடும் மெல்லிய படலத்தைக் கரும்புச் சக்கையிலிருந்தே செய்யலாம். ஆலைச் சக்கையை வெந்நீரில் அலசி, காயவைத்துப் பொடியுங்கள். 4% சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 80 டிகிரியில் 2 மணி நேரம் கிளறினால் நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் பெருமளவு கருநீராக இறங்கும். அப்புறம் ஹைட்ரஜன் பெராக்சைடில் வெளுத்துக்கொள்ளுங்கள், மிஞ்சுவது பெரும்பாலும் செல்லுலோஸ் என்னும் தாவர நார்ப்பொருள்.

7% சோடியம் ஹைட்ராக்சைடும் 12% யூரியாவும் கலந்த நீரை மைனஸ் 12 டிகிரிக்குக் குளிர்வித்து, அதில் செல்லுலோஸை வேகமாகக் கிளறுங்கள். சூடாக்கினால் கரையாது, குளிர்தான் கரைக்கும்; எனக்கு இன்றும் வியப்பு அதுதான். கண்ணாடியில் மெல்லிசாகப் பரப்பி, நீர்த்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினால் படலம் உறையும்.

கழுவுவதில் மட்டும் அவசரம் வேண்டாம். நான் அரைகுறையாகக் கழுவிய முதல் படலம், சோதனைத் தட்டில் இருந்த செல்களைக் கொன்றுவிட்டது. இப்போது பல நாள் தண்ணீர் மாற்றுகிறேன், பிஎச் 7-இல், அதாவது காரமும் அமிலமும் இல்லாத நடுநிலையில், நிலைக்கும்வரை. பிறகு கிருமி நீக்க, ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த நீராவிக் கலனில் 121 டிகிரி. மருத்துவப் பொருள் உடலுக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 சோதனைகள் முடியாமல் யார் காயத்திலும் வைக்காதீர்கள்.