போனை ஹெட் டிராக்கராக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாம் தலையைத் திருப்பினால் கேமில் காட்சியும் திரும்பும்படி செய்வதுதான் ஹெட் டிராக்கிங். அதை முதன்முதலாக முயல்கிறவர்களில் பலர் ஒரே மாலையில் கைவிட்டுவிடுகிறார்கள். 'போன் கேமராவுக்கு இதெல்லாம் வராது' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. தலையசைவைக் கேமராவால் படிக்கப் போனில் ஸ்மூத்டிராக் போன்ற ஓர் ஆப், அதைக் கேமுக்கு அனுப்பக் கணினியில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டிராக், இவை இரண்டுமே விமானம், லாரி ஓட்டும் கேம்களுக்குத் தாராளமாகப் போதும். குறை பெரும்பாலும் செட்டிங்கில்தான் இருக்கும்.

முதல் தவறு, தலை எவ்வளவு திரும்புகிறதோ அதே அளவுதான் கேமிலும் திரும்ப வேண்டும் என்று நினைப்பது. 24 இன்ச் மானிட்டருக்கு 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், நடுவிலிருந்து திரையின் ஓரம் வரை சுமார் 24 டிகிரிதான். அதைத் தாண்டித் தலை போனால் கண்ணைச் சுழித்துத்தான் திரையைப் பார்க்க வேண்டியிருக்கும். லாரியின் பக்கக் கண்ணாடியையோ, வளைந்து திரும்பும் விமானத்தின் இறக்கையையோ பார்க்க 90 டிகிரியாவது வேண்டும். தலை இவ்வளவு திரும்பினால் காட்சி எவ்வளவு திரும்ப வேண்டும் என்று கோடாக வரைந்து காட்டும் மேப்பிங் வளைவு ஓப்பன்டிராக்கில் இருப்பது இதற்காகத்தான். நடுவில் இரண்டு மூன்று டிகிரிக்குத் தட்டையாக விடுங்கள், அப்புறம் மெல்ல ஏற்றுங்கள், 15 டிகிரிக்கு மேல் செங்குத்தாகப் போகட்டும். நேராகப் பார்க்கும்போது காட்சி அசையாது, தலையைக் கொஞ்சம் திருப்பினாலே தோளுக்குப் பின்னால் தெரியும்.

நடுப்பகுதியையே செங்குத்தாக வைத்துவிட்டால், மூச்சு விடும் அசைவுக்குக்கூடக் காட்சி நடுங்கும். உடனே கை, நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்மூத்திங்குக்குப் போகும். இங்கேதான் இரண்டாவது தவறு. ஆப்பிலும் ஸ்மூத்திங், ஓப்பன்டிராக்கின் ஆக்செலா ஃபில்டரிலும் ஸ்மூத்திங் என்று இரண்டு இடத்தில் ஏற்றினால், தலை திரும்பி முடிந்த பிறகுதான் காட்சி வந்து சேரும். சிலருக்குத் தலைசுற்றல் வருவதும் இந்தத் தாமதத்தால்தான். ஒரே இடத்தில் மட்டும் வையுங்கள். நான் ஆப்பில் பூஜ்ஜியமாக்கிவிட்டு ஆக்செலாவில் மட்டும் சரிசெய்வேன். நடுக்கம் தீரவில்லையா, முதலில் வளைவைப் பாருங்கள்.

வெளிச்சத்தையும் பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு மானிட்டர் வெளிச்சத்தில் மட்டும் விளையாடுவது சுகம்தான். ஆனால் இருட்டில் கேமரா ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுக்கும். நொடிக்கு 30 பிரேம் வந்தது 15 ஆகிவிட்டால், இடைவெளி 33 மில்லிசெகண்டிலிருந்து 67 ஆகிவிடும். முகத்துக்கு முன்னால் ஒரு சிறு விளக்கு போதும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வேண்டாம், முகம் கறுத்துவிடும். போனை மானிட்டருக்குக் கீழேயோ மேலேயோ நடுவாக, ஆடாத ஸ்டாண்டில் வையுங்கள். தட்டும்போதெல்லாம் அதிரும் கீபோர்டு மேசையில் சாய்த்து வைத்தால் அந்த அதிர்வும் தலையசைவாகவே பதிவாகும்.

எதுவுமே அசையவில்லை என்றால் பெரும்பாலும் நெட்வொர்க்தான். ஆப்பில் கணினியின் ஐபி முகவரியைக் கொடுக்க வேண்டும். பலர் ரவுட்டரின் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஓப்பன்டிராக்கில் இன்புட்டாக, நெட்வொர்க் வழியே தகவல் வாங்கும் யுடிபியைத் தேர்ந்தெடுங்கள். அதன் வழக்கமான போர்ட் 4242. விண்டோஸ் ஃபயர்வால் கேட்கும்போது அவசரத்தில் மறுத்திருந்தால் திரும்பப் போய் அனுமதியுங்கள். போன் கெஸ்ட் வைஃபையில் இருந்தாலோ, அதில் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலோ தகவல் கணினிக்குப் போய்ச் சேராமல் போகலாம். நேற்று ஓடியது இன்று ஓடவில்லையென்றால், ரவுட்டர் கணினிக்கு வேறு ஐபி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஓப்பன்டிராக் ஜன்னலில் ஓர் இளஞ்சிவப்பு ஆக்டோபஸ் இருக்கும். தலையைத் திருப்பும்போது அதுவும் சேர்ந்து திரும்பினால் போன் பக்கம் சரி என்று அர்த்தம். அதைப் பார்க்காமல் நேராகக் கேமுக்குள் போய்த் தேடுவது வீண் வேலை. ஆக்டோபஸ் ஆடுகிறது, கேம் ஆடவில்லை என்றால், ஓப்பன்டிராக்கிலிருந்து கேமுக்கு அசைவை அனுப்பும் அவுட்புட்டைப் பாருங்கள். பெரும்பாலான கேம்களுக்கு ஃப்ரீட்ராக் 2.0 பொருந்தும். டிராக்கரை முதலில் ஓடவிட்டு அப்புறம் கேமைத் திறங்கள். சில கேம்கள் திறக்கும்போது மட்டுமே டிராக்கரைத் தேடும்.

தலையின் மூன்று திருப்பங்கள், மூன்று நகர்வுகள் என்ற ஆறு அச்சுகளையும் முதல் நாளே இயக்க வேண்டாம். இடம் வலம் திரும்புவது, மேல் கீழ் பார்ப்பது, இந்த இரண்டோடு ஒரு வாரம் விளையாடுங்கள். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 போன்றவற்றில் தலைசாய்வை நிறுத்தியே வைக்கலாம். முன்னோக்கிக் குனிந்தால் மீட்டர்கள் பெரிதாகத் தெரிவது நல்ல வசதி, அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேமராவும் கணக்கீடும் சேர்ந்து போனைச் சூடாக்கும். சார்ஜும் போட்டால் இன்னும் சூடாகி, வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். உறையைக் கழற்றுங்கள், திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறையுங்கள்.

நடுநிலைக்குத் திருப்பும் சென்டர் விசையை, பார்க்காமலே விரல் போகும் ஜாய்ஸ்டிக் பட்டனிலோ ஸ்டீயரிங் பட்டனிலோ வையுங்கள். அமைக்கும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சென்டர் செய்துவிட்டு, ஓட்டும்போது நாற்காலியில் சரிந்துவிடுவது எல்லோருக்கும் நடக்கும். நிஜமாக எப்படி உட்காருவீர்களோ, அப்படி உட்கார்ந்து அதை அழுத்துங்கள்.