பழைய மோட்டார் சைக்கிளுக்கு எந்த பிளக்?

எங்கள் ஹொண்டா சி70 போன காலபோகத்தில் மூன்று தரம் வயல் பாதையில் நின்றுவிட்டது. காபரேட்டரைக் கழுவினேன், கொயிலை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் பிழை நான் வாங்கிப் போட்ட புது பிளக்கில், அதாவது பொறி தந்து பெற்றோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில். கிளிநொச்சிப் பக்கம் பழைய வண்டிகள் இன்னும் நிறைய ஓடுகின்றன என்பதால் எழுதி வைக்கிறேன்.

என்ஜின் நன்றாக ஆறட்டும். பிளக்கைச் சுற்றியுள்ள புழுதியை ஊதித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லையென்றால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும். உள்ளே ரப்பர் வைத்த குழாய் பிளக் ஸ்பனர்தான் நல்லது, பெரிய குறட்டால் பிடித்தால் பீங்கான் வெடிக்கும்.

பிறகு எழுத்தை வாசியுங்கள். என் வண்டிக்கு என்ஜிகே கம்பனியின் சி7எச்எஸ்ஏ (C7HSA). முதல் எழுத்து மரையின் விட்டம்: சி என்றால் 10 மில்லிமீற்றர், டி 12, பி 14. இலக்கத்துக்குப் பின்னால் வரும் எச் மரையின் நீளம் 12.7 மில்லிமீற்றர் என்கிறது. அந்த இடத்தில் ஈ இருந்தால் 19. விட்டம் பொருந்துகிறது என்று நீளமான பிளக்கைப் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம். கழற்றியதே யாரோ பிழையாகப் போட்டதாகவும் இருக்கலாம், ஆகவே கையேட்டோடு ஒத்துப் பாருங்கள்.

நான் மாட்டுப்பட்டது நடுவில் உள்ள 7இல். அது வெப்ப அளவு. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் இலக்கம் கூடக் கூட பிளக் குளிர்ந்தது, அதாவது சூட்டை வேகமாக ஹெட்டுக்கு (சிலிண்டரின் மேல்மூடிக்கு) கடத்திவிடும். பொஷ், சாம்பியனில் இது தலைகீழ். வன்னி வெயிலுக்குக் குளிர்ந்தது நல்லதென்று நினைத்து நான் 8 வாங்கினேன். ஆனால் பிளக் பார்ப்பது வெயிலை அல்ல, என்ஜின் படும் பாட்டை. அதன் முனை ஏறக்குறைய 450 பாகை செல்சியசைத் தொட்டால்தான் படிகிற கரி எரிந்து போகும். 850ஐத் தாண்டினால் பொறி வருமுன்னே பெற்றோல் பற்றிவிடும். வீட்டிலிருந்து வயலுக்கு மெதுவாக ஓடும் வண்டியில் 8 சூடேறவே இல்லை, இரண்டு கிழமையில் கரி மூடிவிட்டது. 7 போட்டதும் சரி.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிள்களைக் கொஞ்சம் பெற்றோல் விட்டு எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அப்போது கரி பிடித்த பிளக்கைக் கழற்றித் துடைப்பது அப்பாவுக்கு அன்றாட வேலை. கரியைக் கண்டதும் எனக்கு அதுதான் முதலில் நினைவு வந்திருக்க வேண்டும்.

பொறி பாயும் இரண்டு முனைகளுக்கு இடையிலான இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். கண் மட்டத்தை நம்பாமல் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜ் ஒன்று வாங்குங்கள். பூட்டும்போது முழு மரையும் கையாலேயே போகட்டும், வொஷர் ஹெட்டில் படிந்த பிறகு ஸ்பனரால் புது பிளக்குக்கு அரைச் சுற்று, பழையதுக்கு மெல்லிய ஒரு இழுப்பு. அலுமினிய ஹெட்டில் மரை போனால் லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும். இரிடியம் பிளக்குக்குக் காசு கொடுப்பது பொயின்ற் (பொறிக்கான பழைய வகைத் தொடுமுனை) வைத்த இந்த என்ஜினுக்கு வீண் என்பேன்.

நூறு கிலோமீற்றர் ஓடிய பின் கழற்றிப் பாருங்கள். வெளிறிய மண்ணிறம் நல்லது. வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் சூடு அதிகம்.

பின்சேர்க்கை: சரியான பிளக் போட்டும் கறுக்கிறதே என்று மாங்குளத்திலிருந்து ஒரு தம்பி கேட்டார். கரி உலர்ந்து மாப்போல இருந்தால் பெற்றோல் கூடப் போகிறது, எயார் பில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்காக ஈரமாக இருந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அதற்காகச் சூடான பிளக் தேடி அலையாதீர்கள்.