90 சதவீதம் அட்டெண்டன்ஸ்னு நம்பி விட்டுடாதீங்க

நம்ம டெல்டா பக்கம் ஸ்கூல்ல தினமும் எமிஸ்ல (கல்வித்துறையோட ஆன்லைன் பதிவுல) அட்டெண்டன்ஸ் ஏத்துறோம், ஏத்துனதோட வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த வேலைக்கு போயிடுறோம், முதல் தப்பே அதுதான்.

திரும்ப எடுத்து பாக்குறவங்களும் மொத்த சதவீதத்தை மட்டும்தான் பாக்குறாங்க. 30 புள்ளைங்க இருக்குற கிளாஸ்ல தினம் 27 பேர் வந்தா 90 சதவீதம், நல்லாதான் தெரியும். ஆனா 22 வேலை நாள்ல அது 66 ஆப்சென்ட். எல்லாரும் ஆளுக்கு ரெண்டு மூணு நாள் வரலையா, இல்ல அதுல 60 அஞ்சே புள்ளைங்களோடதா? அந்த 90 இதை சொல்லவே சொல்லாது. புள்ளை வாரியா எண்ணுங்க. மாசம் ரெண்டு நாள்தானேன்னு விட்டா வருசத்துக்கு கிட்டத்தட்ட ஒரு மாச பாடம் போயிடுது.

காரணம் எழுதுறதுலயும் கோட்டை விடுறோம், எல்லாருக்கும் "உடம்பு சரியில்லை"தான். சம்பா, தாளடி நடவு நேரத்துல அம்மா விடியக்காலைலயே வயலுக்கு போயிடுவாங்க, மிஷின் நடவு வந்துட்டாலும் களை எடுக்க ஆளுங்கதான் வேணும், கைக்குழந்தையை பாத்துக்க மூத்த பொண்ணு வீட்ல நின்னுடும். எனக்கு தெரிஞ்ச ஒரு நாலாம் வகுப்பு பொண்ணு இப்படித்தான் ஐப்பசி முழுக்க விட்டு விட்டு வந்துச்சு, ரெஜிஸ்டர்ல எல்லாமே காய்ச்சல். தேதியை வரிசையா வச்சு பாத்திருந்தா அம்மாவோட வேலை நாளும் இதுவும் ஒண்ணுன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும், எனக்கு இன்னும் மனசு ஆறல.

அந்த பொண்ணு கணக்குல மார்க் கம்மின்னு "ஸ்லோ லேர்னர்"னு எழுதிட்டாங்க. பின்னம் நடத்துன வாரத்துல அது கிளாஸ்லயே இல்ல! மார்க்கையும் வருகையையும் பக்கத்துல பக்கத்துல வைக்காம புள்ளைக்கு பேர் வைக்காதீங்க, ப்ளீஸ்.

இன்னொண்ணு, ஜூன் மாசத்தையும் அடைமழை கார்த்திகையையும் ஒப்பிட்டு டீச்சரை திட்டுறது. போன வருச கார்த்திகையோட ஒப்பிடுங்க. ஆறு பேர் கிளாஸ்ல ஒருத்தர் வரலன்னாலே 17 சதவீதம் விழும், அங்க சதவீதமே வேணாம், பேரை பாருங்க. அரசு ஸ்கூல்ல குடுக்குற காலை உணவு திட்டத்தை 2023 ஆகஸ்ட்ல மாநிலம் முழுக்க விரிவாக்குனது நம்ம திருக்குவளைலதான், ஆனா அது அஞ்சாவது வரைக்கும்தான், ஆறாவது போனதும் லீவு கூடுச்சுன்னா காலைல சாப்பிட்டியான்னு ஒரு வார்த்தை கேளுங்க.

லீவு போட்டவங்க பேரை பிரேயர்ல வாசிக்காதீங்க, அந்த புள்ளை மறுநாளும் வராது. ரெண்டாவது நாளே வீட்டுக்கு போன் போடுங்க. அந்த பொண்ணு வீட்டுக்கு ஒருத்தர் நேர்ல போய் பேசுன பிறகுதான் ரெண்டு வயசு தம்பியை அங்கன்வாடில விட்டாங்க, மார்கழிலேர்ந்து அவனை கையில பிடிச்சுக்கிட்டே வந்துச்சு.