ஹாலோபெரிடால் கொடுக்கும்போது செவிலியர் கவனிக்க வேண்டியவை

மனநல வார்டில் புதிதாகப் பணியேற்பவர் அடிக்கடி கையில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று ஹாலோபெரிடால். 1958-இல் பெல்ஜியத்தில் பால் யான்சன் குழுவினர் உருவாக்கியது. மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமினின் டி2 ஏற்பிகளை அடைத்து, காதில் குரல் கேட்பதையும் ஆதாரமற்ற சந்தேகத்தையும் தணிக்கிறது. உடலசைவை நடத்தும் பகுதியிலும் அதே அடைப்பு நடப்பதால்தான் கீழே வரும் அசைவுத் தொல்லைகள்.

படி 1: கொடுப்பதற்கு முன்

பார்க்கின்சன் நோயோ லூயி பாடி மறதிநோயோ இருந்தால் மருந்தைத் தொடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் எடுக்கும் நேரம்), இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பாருங்கள். வெப்பநிலை, நாடி, இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, முழங்கையை ஒருமுறை மடக்கி நீட்டியும் பாருங்கள். நாளை அந்தக் கை விறைத்தால், நேற்று எப்படி இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படி 2: கொடுக்கும்போது

மாத்திரை என்றால் விழுங்கிய பின் நாக்குக்கு அடியிலும் பாருங்கள். ஊசி என்றால் ஆம்பூலின் பெயரை இரண்டு முறை படியுங்கள். சாதாரண ஹாலோபெரிடால் வேறு, மெதுவாக வெளிவரும் நீண்டகால ஊசியான ஹாலோபெரிடால் டெக்கனோயேட் வேறு. பின்னது நல்லெண்ணெயில் கரைத்தது. பொதுவாக நான்கு வாரங்களுக்கு ஒருமுறை தசையில் மட்டுமே போடுவது, இரத்தநாளத்தில் ஒருபோதும் ஏற்றக் கூடாது. எள் ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். தோலை ஒருபக்கம் இழுத்துப் பிடித்து ஆழமாகச் செலுத்தி, பத்து விநாடி கழித்து ஊசியை எடுங்கள். ஓரிடத்தில் 3 மில்லிக்கு மேல் வேண்டாம். தேய்க்காதீர்கள்.

படி 3: கொடுத்த பின்

முதல் சில நாட்களில் கழுத்து திருகிக்கொள்ளலாம், கண்கள் மேலே செருகலாம். இளைஞர்களிடம் இது அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும், மருத்துவர் எழுதும் புரோமெத்தசின் போன்ற ஊசிக்கு விரைவில் அடங்கும். தொண்டை இறுகி மூச்சு திணறினால் அது அவசரம்.

புதியவர்கள் ஏமாறுவது அமைதியின்மையில்தான். நோயாளி உட்கார்கிறார், எழுகிறார், நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் வைக்கிறார். கேஸ் ஷீட்டில் 'கொந்தளிப்பு அதிகம்' என்று எழுதிவிட்டால், அதைப் படிப்பவர் மருந்தைக் கூட்டுவார், அலைச்சலும் கூடும். ஆகவே முத்திரை குத்தாமல் கண்டதை எழுதுங்கள். "மனம் அலைகிறதா, கால் அலைகிறதா?" என்று அவரிடமே கேளுங்கள். 'உட்காரத்தான் நினைக்கிறேன், கால் விடமாட்டேன் என்கிறது' என்று பதில் வந்தால் மருந்தைச் சந்தேகிக்க வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வி பாதிப் பாடத்துக்குச் சமம்.

காய்ச்சல், ஈயக்குழாய் போன்ற விறைப்பு, கொட்டும் வியர்வை, குழப்பம் சேர்ந்து வந்தால் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழையுங்கள். உயிருக்கே ஆபத்தான நிலை அது.

படி 4: மாதங்கள் கழித்து

நீண்ட நாள் எடுப்பவரிடம் உதட்டைச் சப்புவது, நாக்கைச் சுழற்றுவது போன்ற தாமத அசைவுகள் வரலாம்; நிலைத்தும் விடலாம். வாயில் மிட்டாய் எதுவும் இல்லையென்று உறுதி செய்து, எதிரே உட்காரவைத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக வேகமாகத் தொடச் சொல்லுங்கள். அவர் கவனம் விரல்களில் இருக்கும்; உங்கள் பார்வை முகத்திலும் கால்களிலும் இருக்கட்டும். அதுவரை ஒளிந்திருந்த அசைவு அப்போது வெளியே வரும்.