கணினியில் ஜெர்மன் பி2 தேர்வு: மொழியை விட கீபோர்டுதான் என்னைப் படுத்தியது

ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோதே இன்ஸ்டிடியூட்டின் பி2 தேர்வை (ஏ1 முதல் சி2 வரையான ஆறு நிலைகளில் நான்காவது) நான் இரண்டு முறை கணினியில் எழுதினேன். முதல் முறை வாசிப்பு, கேட்பு, பேச்சு மூன்றிலும் தேறிவிட்டேன். எழுத்துப் பகுதியில் 54. தேற வேண்டியது 60. இரண்டாம் முறை அதே எழுத்துப் பகுதியில் 78. நடுவில் நான் புதிதாக ஜெர்மன் ஒன்றும் பெரிதாகப் படித்துவிடவில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுத்தேன், அவ்வளவுதான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். இலக்கணம் கிடையாது, பி2 வரை வந்தவருக்கு டெர், டீ, டாஸ் என்ற பால் காட்டும் சொற்களைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது?

படி 1: தேர்வின் அமைப்பு

நான்கு பகுதிகள். லேஸன் (வாசிப்பு) 65 நிமிடம், ஹோரன் (கேட்பு) சுமார் 40 நிமிடம், ஷ்ரைபன் (எழுத்து) 75 நிமிடம், ஷ்ப்ரெஹன் (பேச்சு) சுமார் 15 நிமிடம். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 60 எடுக்க வேண்டும். வாசிப்பிலும் கேட்பிலும் முப்பது முப்பது கேள்விகள். அதாவது 18 சரியானால் தேறிவிடலாம்.

கணினியில் நடப்பது முதல் மூன்றும்தான். பேச்சுத் தேர்வு தேர்வாளர்களுக்கு எதிரே உட்கார்ந்து நேரில் பேசுவது. "கணினித் தேர்வு என்றால் மைக்கில் பேச வேண்டுமா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அது டெஸ்ட்டாஃப் என்ற வேறொரு தேர்வு. அதில்தான் பேச்சும் கணினியோடு.

படி 2: கீபோர்டு (இங்கேதான் விழுந்தேன்)

வீட்டில் சாதாரண ஆங்கிலக் கீபோர்டில் பழகினேன். உம்லாவுட் (தலையில் இரட்டைப்புள்ளி வைத்த) எழுத்து வேண்டும் என்றால் அந்த விசையை அழுத்திப் பிடித்தால் மேலே ஒரு குட்டிப் பட்டியல் வரும், அதில் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். பாதிப் பயிற்சி போனில்தான். தேர்வு அறையில் உட்கார்ந்ததும் எதிரே இருந்தது ஜெர்மன் கீபோர்டு. அழுத்திப் பிடித்தால் ஒரே எழுத்து பத்துப் பதினைந்து தடவை வரிசையாக விழுந்தது.

ஜெர்மன் கீபோர்டில் முதல் அடி இசட்டும் ஒய்யும் இடம் மாறி இருப்பது. ஜெர்மனில் ஒய் அபூர்வம், இசட் எக்கச்சக்கம்; அதனால் இசட்டை மேல்வரிசை நடுவில், டி (T) எழுத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வசதி. நமக்கோ, கருத்துச் சொல்லும் கட்டுரையில் வரும் இணைப்புச் சொற்கள் பாதி இசட்டில்தான் (உச்சரிப்பு 'ட்ஸ்') தொடங்குகின்றன: ட்ஸும் பைஷ்பீல், ட்ஸுவார், ட்ஸுடேம், ட்ஸுஸாமென்ஃபாஸென்ட். 'எனக்கு நேரமில்லை' என்பதற்கு 'கைனே ட்சைட்' என்று அடிக்கப் போய் 'கைனே யைட்' என்று திரையில் நின்றது. உண்மையிலேயே எனக்கு நேரமில்லாத நேரத்தில்.

மற்ற இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு காகிதத்தில் கீபோர்டு மாதிரி வரைந்து குறித்துக்கொண்டால் நல்லது.

ஆங்கிலக் கீபோர்டில் எல் எழுத்துக்கு வலப்பக்கம் அரைப்புள்ளி இருக்கும் இல்லையா, அங்கே இரட்டைப்புள்ளி ஓ. அதற்கும் அடுத்து, ஒற்றை மேற்கோள் இருக்கும் இடத்தில் இரட்டைப்புள்ளி ஏ. பி (P) எழுத்துக்கு வலப்பக்கம் இரட்டைப்புள்ளி யூ. பூஜ்யத்துக்கு வலப்பக்கம், நாம் சிறுகோடு போடும் இடத்தில், எஸ்ட்செட் (இரட்டை எஸ் போல ஒலிக்கும் ß எழுத்து). சிறுகோடு எங்கே போனது என்றால், கீழ்வரிசையில் வலது ஷிஃப்டுக்குப் பக்கத்து விசைக்கு, அதாவது நம் கேள்விக்குறி இருந்த இடத்துக்கு.

அப்போது கேள்விக்குறி? ஷிஃப்டை அழுத்திக்கொண்டு எஸ்ட்செட் விசை. இது தெரியாமல், கடிதத்தின் நடுவில் கேள்விக்குறி போட ஐந்தாறு முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் அடிக்கோடுதான் விழுந்தது. கடைசியில் கேள்வியையே கூற்றாக மாற்றி எழுதினேன். ஒரு நிறுத்தற்குறிக்காக வாக்கியத்தைத் திருப்பிப் போட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

இதையெல்லாம் விட மோசமான ஒன்று உண்டு. எஸ்ட்செட்டுக்கும் பேக்ஸ்பேஸுக்கும் நடுவில் ஒரு விசை. அதை அழுத்தினால் திரையில் ஒன்றுமே வராது. அது அடுத்த எழுத்துக்காகக் காத்திருக்கிற விசை. அடுத்து ஈ எழுத்தை அடித்தால் தலையில் சாய்வுக்கோடு போட்ட பிரெஞ்சு எழுத்தாக வந்து விழும். பேக்ஸ்பேஸை அவசரமாக எட்டும்போது விரல் இதில்தான் படும். "அழியவே மாட்டேன் என்கிறதே" என்று திரும்பத் திரும்பத் தட்டினேன். எண் ஒன்றுக்கு இடப்பக்கம் இருக்கும் விசையும் இதே ரகம். இவை இரண்டும் பழுதான விசைகள் இல்லை. கையைத் தூக்கித் தேர்வுக் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு மானத்தை வாங்கிக்கொள்ளாதீர்கள், நான் வாங்கிக்கொண்டேன்.

சரி, என்ன செய்வது? விண்டோஸ் அமைப்புகளில் 'நேரமும் மொழியும்' பகுதிக்குப் போய் ஜெர்மனைச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் கீபோர்டு மாறும். புது கீபோர்டு வாங்க வேண்டியதில்லை. ஸ்டிக்கர் ஒட்டுவதும் எனக்குப் பிடிக்காது. ஒட்டினால் கண் கீழேயே போகும். தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரம் கணினியில் எதை அடித்தாலும் அந்த அமைப்பிலேயே அடியுங்கள், வேறு மொழி மின்னஞ்சல் உட்பட. முதல் மூன்று நாள் எரிச்சலாக இருக்கும். நான்காம் நாள் விரல் தானாகப் போகும்.

பயிற்சிக்கு ஒரே ஒரு வரி சொல்கிறேன்: 'மிட் ஃப்ராய்ண்ட்லிஹென் க்ரூஸன்'. முறைசார் கடிதத்தை எல்லோரும் முடிக்கும் வரி. இதன் கடைசிச் சொல்லில் இரட்டைப்புள்ளி யூவும் உண்டு, எஸ்ட்செட்டும் உண்டு, பெரிய எழுத்தும் உண்டு. தினமும் இருபது தடவை அடித்தேன்.

படி 3: எழுத்துப் பகுதி

இரண்டு வேலைகள். முதலாவது, ஒரு பொது விஷயத்தைப் பற்றி இணைய விவாதத்தில் எழுதுவது போல் கருத்து, குறைந்தது 150 சொல், 60 மதிப்பெண். இரண்டாவது, மேலதிகாரி போன்ற ஒருவருக்கு முறையான செய்தி, குறைந்தது 100 சொல், 40 மதிப்பெண். 50 நிமிடம், 25 நிமிடம் என்று பிரித்துக்கொள்ளச் சொல்வார்கள். நான் இரண்டாவதை முதலில் எழுதுவேன். அதன் வடிவம் மாறாதது, கையும் சூடாகிவிடும்.

இரண்டிலும் நான்கு நான்கு குறிப்புகள் கொடுத்திருப்பார்கள். ஒன்றை விட்டாலும் மதிப்பெண் போகும். அதனால் எழுதத் தொடங்கும் முன் நான்கு குறிப்புக்கும் நான்கு அரைகுறை வாக்கியங்களைத் திரையிலேயே அடித்து, நடுவில் வரி விட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் நிரப்புங்கள். கணினித் தேர்வில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தாளில் நடுவில் ஒரு வாக்கியத்தைச் செருக முடியுமா?

இதில் இன்னொரு பொறி. ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும். போனில் ஜெர்மன் கீபோர்டு வைத்திருந்தால் பெயர்ச்சொல்லின் முதல் எழுத்தை அதுவே பெரிதாக்கிவிடும். நமக்குத் தெரியாமலே அந்தப் பழக்கம் கெட்டுப் போயிருக்கும். நான் வீட்டில் எழுதிய கட்டுரைகளில் இந்தப் பிழையே இல்லை, ஏனென்றால் எழுதியது நானில்லை, போன். தேர்வில் அடித்ததைத் திரும்பப் படித்தபோது ஒரே பத்தியில் பதினோரு பெயர்ச்சொல் சின்ன எழுத்தில் தொடங்கி நின்றன. இப்போது கடைசி ஐந்து நிமிடத்தை அதற்காகவே ஒதுக்குகிறேன். பின்னாலிருந்து முன்னால், கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல் வரை படித்தால் பொருளில் மனம் போகாது, எழுத்து மட்டும் கண்ணில் படும்.

பயிற்சிக்கு வேர்டு வேண்டவே வேண்டாம். சிவப்புக் கோடு காட்டிக் காட்டி அது நம்மைச் சோம்பேறி ஆக்கிவிடும். நோட்பேட் போதும்.

படி 4: வாசிப்பு

வாசிப்பில் ஐந்து பகுதிகள். தாளில் எழுதும்போது விடைகளைத் தனித்தாளுக்கு மாற்ற ஐந்து நிமிடம் எடுத்துவைக்க வேண்டும். திரையில் சொடுக்கியதுதான் விடை, அந்த ஐந்து நிமிடம் நமக்கே லாபம்.

நட்டம் முதல் பகுதியில். நான்கு பேர் ஒரு விஷயத்தைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள், 'இப்படி நினைப்பவர் யார்?' என்று ஒன்பது கேள்விகள். தாளில் பேனாவால் கோடு கிழித்துப் பழகிய கை, திரைக்கு முன் சும்மா நிற்கும். நான் மேலும் கீழும் உருட்டி உருட்டியே களைத்துப் போனேன். பிறகு முறையை மாற்றினேன். ஒரு நபரை முழுதாகப் படிப்பேன், அவருக்குப் பொருந்தும் கேள்விகளை எல்லாம் அங்கேயே சொடுக்கிவிட்டு அடுத்த நபரிடம் போவேன். கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான்கு பேரிடமும் ஓடினால் முப்பத்தாறு ஓட்டம். நபரைப் பிடித்துக்கொண்டால் நான்குதான்.

ஐந்தாம் பகுதி விதிமுறைகள், மூன்றே கேள்விகள். ஆறு நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.

படி 5: கேட்பு

நான்கு பகுதிகளில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே முறைதான் ஒலிக்கும். இரண்டாவதும் நான்காவதும் இரண்டு முறை. இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 'இன்னொரு முறை வருமே' என்று மூன்றாம் பகுதியில் நிதானமாக உட்கார்ந்திருந்தவர்களின் கதை நிறைய உண்டு. விடை தெரியாவிட்டால் ஏதோ ஒன்றைச் சொடுக்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுங்கள்.

பயிற்சிக்கு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் 'மெதுவாகப் படிக்கும் செய்தி'யைப் பலரும் சொல்வார்கள். பி1 வரை நல்லதுதான். பி2க்கு அது காதைக் கெடுக்கும் என்பது என் கட்சி. வானொலி நேர்காணல்களைச் சாதாரண வேகத்தில் கேளுங்கள். அப்புறம், வீட்டிலும் ஹெட்போனில் கேட்டே பழகுங்கள், காதை முழுதாக மூடும் வகையாக இருந்தால் நல்லது. முதல் முறை தேர்வில் ஹெட்போனுக்குள் என் மூச்சுச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது.

படி 6: மாதிரித் தேர்வு

கோதே இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் பி2க்கு மாதிரித் தேர்வும் பயிற்சித் தேர்வும் இலவசமாக இருக்கின்றன. அச்செடுத்துச் செய்யாதீர்கள். திரையில், ஜெர்மன் கீபோர்டில், கடிகாரம் வைத்து, ஒரே அமர்வில். இரண்டு முறை போதும். மூன்றாவது முறை விடைகள் மனப்பாடமாகிவிடும்.

படி 7: பேச்சு

கணினி சம்பந்தமே இல்லை என்பதால் சுருக்கமாக. தயாரிக்க 15 நிமிடம். கொடுத்த இரண்டு தலைப்பில் ஒன்றைப் பற்றி நான்கு நிமிடம் பேச வேண்டும், பிறகு இன்னொருவரோடு விவாதம். குறிப்பு எழுதிக்கொள்ளலாம், ஆனால் வாக்கியமாக எழுதாதீர்கள். எழுதினால் படித்துவிடுவோம்.

பின்சேர்க்கை 1: பழைய பதிப்பில் "நோட்பேடில் பிழைதிருத்தி இல்லை" என்று எழுதியிருந்தேன். விண்டோஸ் 11 நோட்பேடில் அது வந்துவிட்டது என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். தானாகத் திருத்தவும் செய்கிறது. அதன் அமைப்புகளில் இரண்டையும் அணைத்துவிட்டுப் பழகுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்னொருவருக்கு வேறு சிக்கல். அவர் எழுதிய மையத்தில் விசைகளின் மேல் அச்சிட்டிருந்தது ஆங்கில வரிசை, உள்ளே அமைத்திருந்தது ஜெர்மன். அவர் விசையைப் பார்த்து அடித்தார், வேறு எழுத்து வந்தது. எனவே பதிவு செய்யும்போதே "என்ன கீபோர்டு?" என்று மையத்தைக் கேட்டுவிடுங்கள். உட்கார்ந்ததும் இசட், ஒய், கேள்விக்குறி மூன்றையும் முடிந்தால் நேரம் ஓடத் தொடங்கும் முன் ஒரு முறை அடித்துப் பாருங்கள். இடம் பிடிபட்டவர்களுக்கு அச்சு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே ஸ்டிக்கர் வேண்டாம் என்கிறேன்.

பின்சேர்க்கை 3: "ஒன்றில் தோற்றால் நான்கையும் மறுபடி எழுத வேண்டுமா?" என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம். 2019 முதல் பி2 தேர்வு தனித்தனிப் பகுதிகளாக நடக்கிறது. தோற்றதை மட்டும் திரும்ப எழுதலாம். நான் இரண்டாம் முறை போனது அந்த 75 நிமிடத்துக்கு மட்டும்தான்.